வண்டிக்கு ஏற்ற வீடு

1947ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் அமெரிக்காவிலே இன்றும் பலருக்குப் பழக்கமானது. அல்பிரட் லெட்டூர்னர் என்னும் பிரெஞ்சு நாட்டுச் சைக்கிளோட்ட வீரர் தமது சைக்கிளின் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துச் செல்கின்றார். அலுமினியத் தகட்டாற் செய்யப்பட்டு, வெள்ளிபோல் மின்னும் அந்த வீட்டைச் செய்தது 'எயர்ஸ்ட்ரீம்' என்னும் கம்பனி. அதனை நிறுவியவர் வாலி பயாம் என்பவர். தமது வீடு எத்துணை இலேசானது என்பதை உலகுக்குக் காட்டுதற்கு இதனினும் சிறந்த விளம்பரம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்திற் பொய் எதுவும் இல்லை. சமதரையிலே, நன்றாக எண்ணெயிட்ட சக்கரங்களின்மேல் நிற்கும் பாரத்தை மெல்ல நகர்த்துதற்குப் பெருவலி வேண்டியதில்லை. துறைமுகத்திலே ரெயில்வண்டிப் பெட்டியொன்றைச் சில தொழிலாளர் தோள்கொடுத்து நகர்த்துவதைக் கண்டவர் இதனை அறிவர். ஆனால் அதே வீட்டோடு அதே வீரரை ஒரு மலைச்சரிவின் உச்சியிற் கொண்டுபோய் விட்டால் என்ன நிகழும்? அவர் வீட்டை இழுக்கமாட்டார். வீடு அவரைத் தள்ளிக்கொண்டு போகும். படம் இழுத்தலைக் காட்டுகின்றது. தாங்குதலையும், நிறுத்துதலையும், காற்றடிக்கும்போது நேராகப் பிடித்துவைத்தலையும் அது காட்டவில்லை. வீட்டுவண்டி வாங்கச் செல்லும் அமெரிக்கக் குடும்பங்களுள் இடர்ப்படுவோர் பலர், அறிந்தோ அறியாமலோ, அந்தப் படம் காட்டியதை மட்டுமே எண்ணிச் சென்றவர்களாவர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே விடுமுறை வந்ததும் குடும்பத்தோடு நெடுந்தூரம் மோட்டார் வண்டியிற் செல்லுதல் ஒரு பெருவழக்கு. போகுமிடத்தில் விடுதி தேடாது, தங்கும் வீட்டையே உடன் இழுத்துச் செல்வோர் தொகை மிகப் பெரிது. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை யாவும் அமைந்து, இரண்டு அல்லது நான்கு சக்கரங்களின்மேல் நிற்கும் அவ்வண்டியை அவர்கள் 'ட்ராவல் ட்ரெயிலர்' என்பர். ஆங்கிலேயர் 'கரவன்' என்பர். வீட்டுவண்டி என்றே இங்கு அதனைக் குறிக்கலாம். அந்நாட்டில் விலையாகும் வீட்டுவண்டிகளிற் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்னும் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தொழிற்சாலைகளிற் செய்யப்படுகின்றன. இழுக்கும் வண்டி பெரும்பாலும் பிக்கப் எனப்படும், பின்புறம் திறந்த சிறு லொறியே. வாரநாட்களில் வேலைக்குச் செல்லவும், விடுமுறையில் வீட்டை இழுக்கவும் அந்த ஒரு வண்டியே உதவுகின்றது.

இழுப்பதற்கு ஏற்ற வீடா, வீட்டுக்கு ஏற்ற இழுப்பா என்ற வினா மோட்டாரினும் பழையது. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொத்லாந்து நாட்டவர் ஒருவர், கடற்படையிலே வைத்தியராயிருந்து ஓய்வு பெற்றவர், சிறுவர் கதைகள் பல எழுதியவர், 1885ஆம் ஆண்டில் 'வொண்டரர்' என்னும் வீட்டுவண்டியைச் செய்வித்து, இரு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்கொத்லாந்துவரை பயணஞ் செய்தார். அவ்வண்டி ஏறத்தாழ இரண்டு தொன் நிறையுடையது. குதிரைக்குக் களைப்பு வந்தால் அது நின்றுவிடும். ஏற்றம் மிகுந்தால் மூச்சு வாங்கும். ஓட்டுபவன் அதனைக் கண்ணாற் காண்பான். எஞ்சினோ தன் துன்பத்தை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. இக்காலத்து எஞ்சின்கள் நூற்றுக்கணக்கான குதிரைவலுவுடையன. எவ்வளவு பாரத்தையும் இழுக்கின்றன; ஆகவே எல்லாம் சரியாக இருக்கின்றது என்ற மயக்கத்தையும் தருகின்றன.

இனி, கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரத்தில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை, தாய், இரு பிள்ளைகள், ஒரு நாய். அவர்களிடம் 'அரைத் தொன்' வகைப் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. (அரைத் தொன் என்ற பெயர் பழைய காலத்தது. அக்காலத்தில் அவ்வண்டி 1,000 இறாத்தல் சுமை ஏற்றும் என்பது அதன் பொருள். இன்று அப்பெயருடைய வண்டிகள் அதனினும் கூடுதலாகவே ஏற்றுகின்றன, பெயர்மட்டும் நின்றுவிட்டது.) வண்டி வாங்கியபொழுது கிடைத்த விளம்பரப் புத்தகம் அது 11,200 இறாத்தல் வரை இழுக்கவல்லது என்று பெரிய எழுத்திற் கூறுகின்றது. வீட்டுவண்டி விற்பவர் காட்டும் அழகிய வண்டியின் வெறும் நிறையோ 5,900 இறாத்தல். பதினோராயிரம் இழுக்கும் வண்டிக்கு ஆறாயிரம் ஒரு பொருட்டா என்று விற்பவர் கேட்கின்றார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது.

இந்த 11,200 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலிற் பார்க்கவேண்டும். முன்னாளில் ஒவ்வொரு கம்பனியும் தனக்கு வேண்டியவாறு அளந்து, தனக்கு வேண்டிய எண்ணை வெளியிட்டது. ஒரு கம்பனி நூறு இறாத்தல் கூட்டினால் மறுகம்பனி இருநூறு கூட்டும். இந்தப் போட்டிக்கு ஓர் ஒழுங்கு செய்வதற்காக எஸ்.ஏ.ஈ. எனப்படும் வாகனப் பொறியியலாளர் சங்கம் 2008ஆம் ஆண்டில் 'ஜே 2807' என்னும் பொதுவிதியை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு வண்டிகளுக்கு அதனை முதன்முதல் ஏற்றுக்கொண்டது டொயோட்டா கம்பனி. அமெரிக்கக் கம்பனிகள் சில ஆண்டுகள் தயங்கிப் பின்னர் ஏற்றுக்கொண்டன.

இவ்விதியின் சோதனை கடுமையானது. அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள புல்ஹெட் சிற்றி நகருக்கு அருகிலிருந்து மேலேறும் 68ஆம் இலக்க மாநிலப் பாதையிலே 11.4 மைல் நீளமான ஏற்றம் ஒன்றுண்டு. அருகிலுள்ள டேவிஸ் அணையின் பெயரால் அதனை அழைப்பர். பாலைவனத்து வெயிலில், வெப்பம் 100 பாகை பரனைற்றுக்குக் குறையாத வேளையில், வண்டியினுள்ளே குளிரூட்டும் கருவியை முழு அளவில் இயக்கியபடி, பாரத்தை இழுத்துக்கொண்டு அவ்வேற்றத்தில் வண்டி ஏறவேண்டும். பின்னச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒற்றைச் சக்கரமுடைய வண்டியாயின் வேகம் மணிக்கு 40 மைலிற் குறையலாகாது. இச்சோதனையில் வென்ற வண்டியின் எஞ்சினையும் அதன் குளிர்நீர்ப் பெட்டியையும் ஒருவர் நம்பலாம்.

ஆயினும் அவ்விதி வண்டியினுள் யார் இருப்பதாகக் கொள்கின்றது? ஒருவர்க்கு 150 இறாத்தல் வீதம் இருவர் மட்டும். பின்தட்டில் விறகு இல்லை, சைக்கிள் இல்லை, நாயும் இல்லை. நமது கற்பனைக் குடும்பத்தின் பிக்கப் வெறுமையாக நிற்கும்போது 5,480 இறாத்தல். வண்டியும் அது இழுப்பதும் சேர்ந்து 17,000 இறாத்தலுக்கு மேற்படலாகாது என்பது அதன் கூட்டுநிறை எல்லை. 17,000இலிருந்து வண்டியின் 5,480ஐயும், இருவரின் 300ஐயும் கழித்தால் வருவதே ஏறக்குறைய அந்த 11,200. எண் பொய்யன்று. அது வேறொருவருடைய பயணத்தைப் பற்றிய எண், அவ்வளவுதான்.

குடும்பத்தின் பயணத்தைப் பற்றிய எண் வேறோரிடத்தில் இருக்கின்றது. சாரதியின் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணிலே மஞ்சளும் வெள்ளையுமான ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கும். பயணிகளின் நிறையும் பொருள்களின் நிறையும் சேர்ந்து இவ்வளவிற்கு மேற்படலாகாது என்று அதில் அச்சிடப்பட்டிருக்கும். விளம்பரப் புத்தகத்தில் உள்ளது அவ்வகை வண்டிகளிற் சிறந்ததொன்றின் அளவு; தாளில் உள்ளதோ அந்த ஒரு வண்டிக்கே உரிய அளவு. தோலிருக்கையும், கண்ணாடிக் கூரையும், கூடுதற் கதவுகளும் வைத்து வண்டியை எவ்வளவுக்கு அலங்கரிக்கின்றார்களோ அவ்வளவுக்கு இவ்வெண் குறையும். மிகுந்த விலை கொடுத்தவருடைய பிக்கப், எளிய வேலையாளுடைய பிக்கப்பினும் குறைவாகச் சுமப்பதுண்டு. வண்டி வாங்குவோர் பலரை வியப்பில் ஆழ்த்தும் செய்தி இது.

நமது குடும்பத்தின் வண்டியில் அத்தாள் 1,520 இறாத்தல் என்கின்றது. வண்டியின் முழுநிறை எல்லை 7,000 இறாத்தல். அதிலிருந்து வெறும் நிறையைக் கழித்தால் இதே எண் வருவதைக் காணலாம்.

இழுக்கப்படும் வீடு தன் சக்கரங்களில் நிற்கின்றதே, அதற்கும் பிக்கப் வண்டி சுமக்கும் சுமைக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்கலாம். மாட்டுவண்டி ஓட்டியவருக்கு இவ்வினா எழாது. இரண்டு சக்கர வண்டியிலே நெல்மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் பார்த்தே அடுக்குவர். மூட்டைகள் முன்னே மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். அளவான முன்பாரம் வேண்டும். வீட்டுவண்டியின் நியாயமும் இதுவே. அதன் முன்னே நீண்டிருக்கும் ஏர்க்கால் போன்ற இரும்பை அமெரிக்கர் 'நாக்கு' என்பர். அந்த நாக்கு பிக்கப்பின் பின்புறத்துள்ள இரும்புக் குண்டின்மேல் வந்து பொருந்துகின்றது. வீட்டுவண்டியின் மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை அக்குண்டின்மேல் முன்பாரமாக இறங்கவேண்டும். நூற்றுக்குப் பதின்மூன்று என்று கொண்டு கணக்கிடுதல் பலருக்கு ஏற்றது. இந்த முன்பாரம் முழுவதையும் சுமப்பது பிக்கப். ஆதலின் அது கதவுத் தாளிலுள்ள 1,520இல் அடங்கவேண்டும்.

முன்பாரத்தைக் குறைத்துவிட்டால் என்ன என்று நினைப்போர் உளர். பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளி, நீர்த்தொட்டியைப் பின்னால் நிரப்பி, நாக்கின் பாரத்தை நூற்றுக்கு ஐந்தாக்கினால் கணக்குச் சரியாகிவிடுமன்றோ? கணக்குச் சரியாகும்; வண்டி சரியாகாது. பாரத்தின் நடுப்புள்ளி அச்சின்மேலோ அச்சுக்குப் பின்னோ சென்றுவிட்டால், பக்கக்காற்று ஒன்று அடித்தவுடன், அல்லது பெரிய லொறியொன்று விரைந்து கடந்தவுடன், வீட்டுவண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். மெதுவாகச் செல்லும்போது அந்நெளிவு தானே அடங்கிவிடும். ஒரு குறித்த வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு அசைவும் முந்தியதினும் பெரிதாகும். சாரதி ஒருபுறம் திருப்ப, வீடு மறுபுறம் செல்ல, சில விநாடிகளில் இரண்டும் பாதையின் குறுக்கே கிடக்கும். அத்தகைய நேரத்தில் பிக்கப்பின் பிறேக்கை மிதிப்பது கேட்டை விரைவுபடுத்தும். வேகமிதியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேரே பிடித்து, வீட்டுவண்டியின் பிறேக்கை மட்டும் கையால் இயக்குவதே தக்க வழி. இதனை அவ்வேளையில் நினைத்துப் பார்த்துச் செய்ய அவகாசமிராது.

ஆகவே முன்பாரத்தைக் குறைக்க வழியில்லை. கணக்கை ஒழுங்காகவே பார்த்தல் வேண்டும். நேயர்கள் விரும்பினால் ஒரு கடுதாசித் துண்டிற் குறித்துக்கொள்ளலாம். தந்தை 200, தாய் 160, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 150, நாய் 60: ஆக 570 இறாத்தல். பின்தட்டில் விறகு, சைக்கிள்கள், சாய்வு நாற்காலிகள், மின்சாரம் பிறப்பிக்கும் சிறு எஞ்சின் ஆகியன 250. பாரத்தைப் பங்கிடும் வில்லுக் கம்பிகளோடு கூடிய இணைப்புக் கருவி 80. எல்லாம் 900. 1,520இல் 900 போக எஞ்சுவது 620. முன்பாரத்துக்கு உள்ள இடம் அவ்வளவே. 620 என்பது நூற்றுக்குப் பதின்மூன்று ஆகவேண்டுமாயின், வீட்டுவண்டியின் மொத்த நிறை 4,770 இறாத்தலைத் தாண்டலாகாது. பதினோராயிரத்தில் தொடங்கிய கணக்கு நாலாயிரத்துச் சொச்சத்தில் வந்து நிற்கின்றது.

விற்பவர் காட்டிய வண்டி 5,900 என்றோமே, அதுவும் வெறும் நிறைதான். விற்பனைப் புத்தகத்தில் அச்சிடப்படும் வெறும் நிறையோடு எவரும் பயணஞ் செய்வதில்லை. மின்கலமும் சமையல் வாயுவும் பெரும்பாலும் அதிற் சேர்க்கப்படுவதில்லை. நீர்த்தொட்டி 40 கலன் கொள்ளுமாயின், அதனை நிரப்பினால் 334 இறாத்தல். (நமது பழைய ஆங்கிலக் கலன் நீர் 10 இறாத்தல், அமெரிக்கக் கலன் சிறியது, அதன் நீர் எட்டே கால் இறாத்தலுக்குச் சிறிது மேல்.) பின்னர்ப் பாத்திரங்கள், படுக்கைகள், உணவு, உடை, மழைக்காலத்துச் சப்பாத்துக்கள், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள். ஒரு குடும்பம் ஆயிரம் இறாத்தலுக்கு மேல் ஏற்றிவிடுவது மிக எளிது. 5,900 இறாத்தல் வண்டி வீதிக்கு வரும்போது 7,200 ஆகிவிடும். அதன் முன்பாரம் 936. முன் சொன்ன 900உடன் சேர்த்தால் 1,836. கதவுத் தாள் அனுமதித்தது 1,520. வளர்ந்த இரு மனிதர் அளவான பாரம் எல்லைக்கு மேல் நிற்கின்றது. எஞ்சினோ சிறிதும் முணுமுணுக்காது இழுக்கின்றது.

1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'த லோங், லோங் ட்ரெயிலர்' என்ற ஹொலிவூட் நகைச்சுவைப் படத்திலே, லூசில் போல் நடித்த புதுமணப்பெண் போகுமிடமெல்லாம் நினைவுக்காகக் கற்களைப் பொறுக்கித் தன் வீட்டுவண்டியில் நிரப்புகின்றாள். கணவன் எறியச் சொன்ன பின்பும் ஒளித்து வைக்கின்றாள். மலைப்பாதையில் அக்கற்கள் உருளத் தொடங்கும் காட்சிக்குச் சிரிக்காதவர் இல்லை. கல்லைப் பொறுக்காத குடும்பங்களும் இதனையே செய்கின்றன. கல்லுக்குப் பதிலாகத் தகரத்தில் அடைத்த உணவு.

ஆதலின் வீட்டுவண்டியைத் தெரியும்போது வெறும் நிறையைப் பார்ப்பதை விட்டு, அதன் முழுநிறை எல்லையைப் பார்த்தல் வேண்டும். அஃது அவ்வண்டியின் வெளிச்சுவரில் முன்புறமாக ஒட்டப்பட்ட தகட்டிற் காணப்படும். நமது குடும்பத்தின் பிக்கப்புக்கு முழுநிறை எல்லை 4,400 இறாத்தல் உடைய ஒரு சிறு வீடு பொருந்தும். அதன் முன்பாரம் 572. சிறிது மிச்சமும் இருக்கும். அவ்வீட்டில் இடம் குறைவு. பிள்ளைகளின் கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மழைநாளில் நால்வரும் நாயும் முழங்கால் முட்ட இருக்கவேண்டும். இதற்கு உடன்படாத குடும்பம் 'முக்கால் தொன்' வகையைச் சேர்ந்த பெரிய பிக்கப்பை வாங்குகின்றது. அதன் விற்கள் தடித்தவை. அச்சும் சக்கரமும் பிறேக்கும் பெரியவை. விலையும் எண்ணெய்ச் செலவும் அதற்கேற்ப உயர்வு. பாரமில்லாத நாட்களில் சவாரியும் கடினம். ஆண்டில் மூன்று வாரம் இழுப்பதற்காக ஏனைய நாற்பத்தொன்பது வாரமும் அவ்வண்டியை ஓட்டவேண்டுமா என்று குடும்பமே தீர்மானிக்கவேண்டும். பெரும்பாலோர்க்குச் சிறிய வீடே மேலானது என்று சொல்லத் தோன்றுகின்றது. வீட்டுக்கு வெளியே இருப்பதற்காகத்தானே அவர்கள் புறப்படுகின்றார்கள்!

பாரத்தைப் பங்கிடும் கருவி என்று முன்னே ஒன்று கூறப்பட்டது. அதுபற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. குண்டின்மேல் இறங்கும் பாரம் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால், நெம்புகோல் முறையிலே அது வண்டியின் பின்புறத்தைத் தாழ்த்தி முன்புறத்தை உயர்த்துகின்றது. முன்சக்கரங்கள் நிலத்தை இறுகப் பற்றாவிடிற் சுக்கானுக்கு வண்டி முன்போல் கட்டுப்படாது. இரவில் விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணிற் படும். அக்கருவியின் இரு வில்லுக் கம்பிகள் இந்நெம்புதலை எதிர்த்து, பாரத்தின் ஒரு பகுதியை முன்னச்சுக்கும், இன்னொரு பகுதியை வீட்டுவண்டியின் அச்சுகளுக்கும் அனுப்புகின்றன. மிக நல்ல கருவி. பல பிக்கப் வண்டிகளில், அக்கருவியின்றி 5,000 இறாத்தலுக்கு மேல் இழுக்கலாகாது என்று இணைப்பிரும்பிலேயே எழுதியிருக்கும். ஆனால் கதவுத் தாளிலுள்ள எல்லையை அஃது உயர்த்துவதில்லை. பாரம் பங்கிடப்படுகின்றது, மறைந்துபோவதில்லை. பின்புறம் தாழாமல் வண்டி மட்டமாக நிற்பதைக் கண்டு, பாரம் அளவோடு இருக்கின்றது என்று முடிவு செய்வோர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

நிறை மட்டுமன்றி உருவமும் உண்டு. வீட்டுவண்டி எட்டடி அகலமும் பத்தடிக்கு மேல் உயரமும் கொண்ட ஒரு சுவர். மணிக்கு 60 மைல் வேகத்தில் அச்சுவரைக் காற்றினூடே தள்ளுவதற்கே எஞ்சினின் வலுவிற் பெரும்பகுதி செலவாகின்றது. சில கம்பனிகள் தம் இழுவைக் கையேட்டில் முகப்பின் பரப்பு 60 சதுர அடிக்கு மேற்படலாகாது என்று எல்லை குறித்திருக்கின்றன. அப்பக்கத்தை வாசிப்போர் சிலரே. மின்கலத்தால் ஓடும் புதுப் பிக்கப் வண்டிகளை இக்காற்றே மிகவும் வருத்துகின்றது. எஞ்சின் வண்டியைப் போலவே அவை வலிமையாக இழுக்கும். ஆயினும் பெரிய வீட்டைக் கட்டினால் ஒருமுறை மின்னேற்றி ஓடக்கூடிய தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகின்றது.

டயர்களைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. வீட்டுவண்டிகளுக்கென்றே செய்யப்படும் டயர்களிற் பல மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடுதற்கு உரியன அல்ல. கலிபோர்னியாவில் எதை இழுத்தாலும் 55 மைலே சட்டம். காற்றைக் குளிர்ந்த நிலையிற் பார்த்து நிரப்பவேண்டும். தேயாவிட்டாலும் பழையதாகிவிட்டால் மாற்றவேண்டும்.

பிறேக்கின் இடம் பெரிது. டென்வரிலிருந்து மேற்கே செல்லும் 70ஆம் இலக்கப் பெருவீதி ஐசனோவர் சுரங்கத்தை அடையும்போது கடல்மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் உயர்ந்துவிடுகின்றது. 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சுரங்கம் நமது பீதுருதாலகால மலையின் உச்சியினும் ஏறத்தாழ இரண்டாயிரத்தெண்ணூறு அடி கூடிய உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்று மெலிந்தது. காற்றழுத்தி இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு மூன்று அளவான வலுவை இழக்கும். ஏற்றத்தில் வலு குறைந்தால் வண்டி மெதுவாகச் செல்லும், அவ்வளவே. சுரங்கத்தைக் கடந்ததும் சில்வர்தோர்ன் என்னும் சிற்றூர்வரை ஏறத்தாழ எட்டு மைல் இறக்கம் தொடங்குகின்றது. சரிவு சில இடங்களில் நூற்றுக்கு ஏழு. நமது குடும்பம் அந்தப் பெரிய வீட்டையே வாங்கியிருக்குமாயின், பிக்கப்பும் ஆட்களும் பொருளும் வீடும் சேர்ந்து 13,500 இறாத்தலுக்கு மேல். அச்சரிவில் அவற்றைக் கீழ்நோக்கி ஓயாது தள்ளும் விசை ஏறத்தாழ 950 இறாத்தல். பாதையோரத்தில், பிறேக் இழந்த லொறிகள் புகுந்து நிற்பதற்கென்று சரளைக்கல் நிரப்பிய ஏற்றப்பாதைகள் அமைத்திருக்கின்றார்கள். அவற்றைக் கண்டபின் இறக்கத்தைப் பற்றி எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இறக்கத்தில் பிறேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறி, பிடிப்பை இழந்துவிடும். ஆகவே தாழ்ந்த கியரிற் போட்டு, எஞ்சினே வண்டியைத் தடுக்குமாறு விட்டு, வேகம் கூடும்போது மட்டும் பிறேக்கை உறுதியாக மிதித்து விடவேண்டும். வீட்டுவண்டிக்கும் தனிப் பிறேக் உண்டு. அது மின்சாரத்தால் இயங்குவது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் 3,000 இறாத்தலுக்கு மேற்பட்டவற்றிற்கு அதனைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சில மாநிலங்களில் எல்லை அதனினும் குறைவு. அதனை இயக்கும் கருவி சாரதியின் கையெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். இணைப்பு அறுந்து வீடு தனியே பிரிந்தால், ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு வீட்டின் பிறேக்கைத் தானே பிடிக்கச் செய்யும். அக்கம்பிக்கு வலுவளிப்பது வீட்டிலுள்ள மின்கலம். மின்கலம் செத்திருந்தால் கம்பியாற் பயனில்லை. அதனைப் புறப்படுமுன் சோதிப்பவர் மிகக் குறைவு.

கடுதாசிக் கணக்கெல்லாம் ஊகக் கணக்கே. உண்மையை அறியத் தராசிலே நிறுத்துப் பார்க்கவேண்டும். பெருவீதியோரங்களில் லொறிச் சாரதிகள் தங்குமிடங்களிலே வண்டித் தராசுகள் உள்ளன. முன்னச்சு, பின்னச்சு, இழுக்கப்படும் வண்டி என மூன்றையும் தனித்தனியே காட்டும் தட்டுகள் அவற்றில் உண்டு. சிறுதொகை கொடுத்தால் எவரும் நிறுக்கலாம். குடும்பம் முழுவதும் ஏறியிருக்க, நீரும் பொருளும் நிரப்பியிருக்க, பயணம் புறப்படும் நிலையிலேயே நிறுக்கவேண்டும். முதலில் வீட்டோடு, வில்லுக் கம்பிகளை மாட்டியபடி ஒருமுறை. பின்னர் அக்கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒருமுறை. இறுதியில் வீட்டை ஒருபுறம் விட்டுப் பிக்கப்பை மட்டும் ஒருமுறை. இரண்டாவது முறை பிக்கப்பின் இரு அச்சுகளிலும் கண்ட நிறையிலிருந்து, தனியே நிறுத்தபோது கண்ட நிறையைக் கழித்தால் வருவதுதான் உண்மையான முன்பாரம். முதலாவது முறையில் பின்னச்சு காட்டும் எண்ணை, கதவுத் தூணிலே பின்னச்சுக்கென்று குறித்திருக்கும் எல்லையோடு ஒப்பிடவேண்டும். முழுநிறை, அச்சுநிறை, டயர், இணைப்பிரும்பு ஆகியவற்றுள் எதன் எல்லை முதலில் வருகின்றதோ, அதுவே அவ்வண்டியின் எல்லை. இழுவை எண் பெரும்பாலும் கடைசியிலேதான் வரும்.

இதனை வாங்கிய பிறகன்றி, வாங்குமுன்பே செய்தல் கூடும். குடும்பம் தன் பிக்கப்பில் வழக்கமான பொருள்களோடும் ஆட்களோடும் தராசுக்குச் சென்று நிறுத்து, முழுநிறை எல்லையிலிருந்து அதனைக் கழித்தால், இணைப்புக் கருவிக்கும் முன்பாரத்துக்கும் எவ்வளவு இடம் உண்டு என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுவண்டிக் கடைக்குச் செல்பவரோடு விற்பவர் நெடுநேரம் வாதாடுவதில்லை. சிறிய வண்டிகள் நிற்கும் பக்கத்துக்கு அழைத்துச் செல்கின்றார்.

அந்தக் குடும்பம் சிறிய வீட்டையே வாங்கிற்று என்று வைத்துக்கொள்ளலாம். சுரங்கத்தைக் கடந்து, தாழ்ந்த கியரில் எட்டு மைலும் இறங்கி, சில்வர்தோர்னில் ஓரமாக நிறுத்துகின்றார்கள். பிள்ளைகள் நாயை இறக்குகின்றனர். தந்தை வீட்டுவண்டியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு சக்கரத்தின் குடத்துக்கும் அருகே புறங்கையைத் தொடாமற் கொண்டுசென்று வெப்பம் பார்க்கின்றார். எல்லாம் ஒரே அளவாகச் சூடேறியிருந்தால் பிறேக்குகள் வேலையைப் பங்கிட்டுச் செய்திருக்கின்றன. ஒன்றுமட்டும் மிகச் சுட்டால் அதன் பிறேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பேரிங்கில் எண்ணெய்ப்பசை வற்றியிருக்கலாம். ஒன்றுமட்டும் குளிர்ந்திருந்தால் அதற்கு மின்சாரமே போகவில்லை. எதுவாயினும் அடுத்த மலைக்குமுன் அதனைத் திருத்திக்கொண்டே அவர்கள் மேற்கே புறப்படவேண்டும். வெயில் என்னும் பெயருடைய இன்னொரு கணவாய் அதே வீதியில் அவர்களுக்கு முன்னே இருக்கின்றது.